கைப்பேசியில் பணம் வைத்திருக்கிறீர்களா? மோசடியில் சிக்காமல் இருக்க ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவில், பினாங்கு லிட்டில் இந்தியாவில் சின்னதாக ஒரு கைப்பேசிக் கடை வைத்திருக்கிறேன். திரை உடைந்தது, பேட்டரி உப்பியது, சார்ஜ் ஏறவில்லை, இதுதான் என் வேலை. கடந்த சில வருடங்களாக இன்னொரு மாதிரி ஆட்களும் வருகிறார்கள். கைப்பேசியில் ஒரு கோளாறும் இருக்காது, முகம்தான் வெளுத்துப் போயிருக்கும். "தம்பி, இதுல என்னமோ ஆயிருச்சு, கொஞ்சம் பாரேன்" என்பார்கள்.

கோயில் பக்கம் பூ கட்டி விற்கும் அக்கா ஒருவர் அப்படித்தான் வந்தார். கைப்பேசி உறைக்குள் லட்சுமி படம், அதன் பின்னால் ஐசி (அடையாள அட்டை), மடித்து வைத்த பத்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டு. தெரிந்தவர் எண்ணிலிருந்து புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. தட்டியிருக்கிறார். பத்திரிகை திறக்கவில்லை, 'இன்ஸ்டால்' செய்யட்டுமா என்று கேட்டிருக்கிறது. சரி என்றார். குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா என்று கேட்டது, அதற்கும் சரி. பிறகு 'மொய் வைக்க' ஒரு வெள்ளி கட்டச் சொல்லி வங்கியின் முகப்பு மாதிரியே ஒரு பக்கம். அதில் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டுவிட்டார். கூட்டுச் சீட்டுப் பணம் 2,800 வெள்ளி மறுநாள் விடிவதற்குள் மூன்று தவணையாகப் போய்விட்டது. அதே பத்திரிகை அவர் எண்ணிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போயிருந்தது, அது வேறு.

இத்தனை கைப்பேசிகளைப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். மோசடிக்காரனுக்கு உங்களிடமிருந்து இரண்டு வேண்டும்: உங்கள் அவசரம், உங்கள் வாய்மூடல். பதற்றத்தில் யாருக்கும் புத்தி வேலை செய்யாது, எனக்கும்தான். அதனால் 'கவனமாக இருங்கள்' என்று புத்திமதி சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மனம் நிதானமாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சில ஏற்பாடுகளைச் செய்து வைத்துவிட்டால், பதறும் நாளில் அவை நமக்குப் பதிலாக யோசிக்கும். உங்களுக்குச் செய்துவிட்டு, அப்படியே அம்மா அப்பா கைப்பேசியையும் வாங்கிச் செய்யுங்கள்.

முதலில் பணத்தைப் பிரியுங்கள்

சம்பளம், சேமிப்பு, அன்றாடச் செலவு எல்லாம் ஒரே கணக்கில், அந்தக் கணக்கும் கைப்பேசியில். பெரும்பாலானவர்கள் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டு நகையெல்லாம் போட்டுக்கொண்டு பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போவது மாதிரி.

இரண்டு கணக்கு வையுங்கள், முடிந்தால் இரண்டு வேறு வங்கிகளில். ஒன்று செலவுக்கணக்கு. செயலி, கார்டு, டூயிட்நவ் உடனடிப் பணப்பரிமாற்றம் எல்லாம் இதற்கு மட்டும். ஒரு வாரம் பத்து நாள் செலவுக்கான தொகை இதில் இருந்தால் போதும். இன்னொன்று சேமிப்பு. அதற்கு இணைய வங்கிச் சேவையே வேண்டாம், பணம் வேண்டுமென்றால் கவுண்டருக்குப் போய் எடுங்கள். அலைச்சல்தான். அந்த அலைச்சல்தான் உங்களுக்குக் காவல். ஒரே வங்கியில்தான் வைக்க முடியும் என்றால், சேமிப்பில் ஒரு பகுதியைப் பூட்டி வைக்கும் 'மணி லாக்' வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். சில வங்கிகளில் வந்துவிட்டது.

அடுத்து, செயலிக்குள் போய் ஒரு நாளைக்கு எவ்வளவு அனுப்பலாம் என்ற வரம்பைப் பாருங்கள். பலருக்கு அது ஆயிரக்கணக்கில் இருக்கும், வருடம் முழுவதும் அவர்கள் ஒரு தடவைகூட அவ்வளவு அனுப்பியிருக்க மாட்டார்கள். 300 அல்லது 500 வெள்ளிக்கு இறக்குங்கள். வீட்டு வாடகை கட்டும் நாளில் ஏற்றிக்கொள்ளலாம். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு, இணையப் பயன்பாடு இரண்டையும் தேவையில்லாத நாட்களில் அணைத்து வையுங்கள். ஒவ்வொரு வெள்ளி வெளியே போகும்போதும் அறிவிப்பு வருகிற மாதிரி வையுங்கள்.

அப்புறம் கில் சுவிட்ச். சந்தேகம் வந்த நொடியில் உங்கள் கணக்கை நீங்களே முடக்குவதற்கு வங்கிச் செயலிகளில் ஒரு பொத்தான் இருக்கிறது. ஒவ்வொரு வங்கியும் அதை வேறு வேறு இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறது, பெயரும் வேறு. இன்றே தேடிக் கண்டுபிடித்து வையுங்கள். பணம் போய்க்கொண்டிருக்கும்போது தேடினால் கண்ணில் படாது.

கைப்பேசிக்குள் என்ன பார்ப்பது

பூக்கார அக்காவுக்கு வந்தது ஏ.பி.கே. கோப்பு. ஆண்டிராய்டு கைப்பேசியில் பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து செயலியை ஏற்றும் வழி அது. கல்யாணப் பத்திரிகை, வீடு சுத்தம் செய்யும் சேவை, சலுகை விலையில் சமையல் எரிவாயு, விமான டிக்கெட், எந்த வேஷத்திலும் வரும். உள்ளே நடப்பது ஒன்றுதான்: குறுஞ்செய்திகளைப் படிக்கும் உரிமையை வாங்கிக்கொண்டு, வங்கி அனுப்பும் டேக் எண்ணை (பணம் அனுப்ப ஒப்புதல் தரும் ஒருமுறை எண்) உங்களுக்கு முன்னால் அது எடுத்துக்கொள்ளும். சில செயலிகள் செய்தியை அழித்தும்விடும், உங்களுக்கு வந்ததே தெரியாது. இதனால்தான் 2022 செப்டம்பரில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி டேக்கைக் கைவிட்டு இன்னும் பத்திரமான முறைக்கு மாறச் சொல்லி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. ஒருவருக்கு ஒரு கைப்பேசியில் மட்டும் ஒப்புதல், புதிய கைப்பேசியில் முதல் தடவை பதிவு செய்தால் சில மணி நேரக் காத்திருப்பு, மோசடியைப் புகார் செய்யத் தனித் தொலைபேசி எண், இவையும் அப்போது வந்தவைதான். உங்கள் வங்கியில் செயலிவழி ஒப்புதலுக்கு நீங்கள் இன்னும் மாறவில்லை என்றால் முதலில் அதை முடியுங்கள்.

இப்போது செட்டிங்ஸ் உள்ளே போங்கள். தேடும் பெட்டியில் 'அன்னோன் ஆப்ஸ்' என்று தட்டினால் ஒரு பட்டியல் வரும்: புலனம், குரோம், ஃபைல்ஸ், டெலிகிராம். எந்தச் செயலிக்கெல்லாம் வெளியிலிருந்து இன்னொரு செயலியை ஏற்ற அனுமதி இருக்கிறது என்று அது காட்டும். எல்லாவற்றையும் அணையுங்கள். ஒன்றுகூட விதிவிலக்கு வேண்டாம். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தட்டி 'பிளே புரொடெக்ட்' ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து 'அக்செஸிபிலிட்டி'. கண் பார்வை குறைந்தவர்கள் போன்றோருக்காக வைத்த வசதி. அங்கே அனுமதி பெற்ற செயலி உங்கள் திரையைப் பார்க்கும், உங்களுக்குப் பதிலாகத் தட்டவும் செய்யும். அதனால் திருடர்களுக்கு மிகவும் பிடித்த கதவு. உங்களுக்குப் பெயர் தெரியாத எதுவும் அங்கே 'ஆன்' என்று இருந்தால் அணைத்துவிட்டு, தெரிந்த ஆளிடம் காட்டுங்கள். குறுஞ்செய்திக்கான முதன்மைச் செயலி எது என்பதையும் பாருங்கள். ஒருவர் கைப்பேசியில் அந்த இடத்தில் ஒரு 'கால்குலேட்டர்' உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். கணக்குப் போடும் செயலிக்குக் குறுஞ்செய்தியோடு என்ன வேலை?

புலனத்துக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள், ஆறு இலக்க எண், உங்கள் பிறந்த தேதி வேண்டாம். 'அக்கா, தவறுதலா என்னோட கோட் உங்க நம்பருக்கு வந்துருச்சு, அனுப்புங்களேன்' என்று தங்கை எண்ணிலிருந்தே செய்தி வந்தாலும் அனுப்ப வேண்டாம். தங்கையின் கணக்கு ஏற்கெனவே போய்விட்டது, அடுத்தது நீங்கள். நேரில் கூப்பிட்டுக் குரலைக் கேளுங்கள். 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் உங்களுக்குத் தெரியாத கணினி இணைந்திருந்தால் வெளியேற்றுங்கள்.

குறுஞ்செய்தியில் வரும் லிங்க் பற்றி ஒரே வரி: வங்கிகள் அதை அனுப்புவதில்லை. தொலைத்தொடர்பு ஆணையம் 2024 செப்டம்பர் முதல் லிங்க் உள்ள குறுஞ்செய்திகளையே தடுக்கச் சொல்லியிருக்கிறது. பிறகும் வருகிறதே என்றால், காரில் போலிக் கோபுரக் கருவியை வைத்துக்கொண்டு சுற்றுகிறவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். அந்தக் கருவி அருகிலிருக்கும் கைப்பேசிகளுக்கு நேராக அனுப்பும், எந்தத் தடையும் அதைத் தொடாது. சுங்கக் கட்டண பாக்கி, பார்சல் நிற்கிறது, புள்ளிகள் காலாவதி, எஸ்.டி.ஆர். உதவித்தொகை விடுபட்டது. எது வந்தாலும் லிங்க்கைத் தொடாமல், நீங்களாகச் செயலியைத் திறந்து பாருங்கள்.

'இன்ஸ்பெக்டர்' அழைத்தால்

இதற்கு ஊரில் மக்காவ் ஸ்கேம் என்று பேர். முதலில் ஒரு கூரியர் அல்லது தொலைபேசி நிறுவனத்தின் பதிவுக்குரல். உங்கள் ஐசி எண்ணில் வாங்கிய ஒரு இணைப்பு குற்றத்துக்குப் பயன்பட்டிருக்கிறது என்பார்கள். நீங்கள் இல்லை என்றதும், 'அப்படியானால் புகார் கொடுங்கள், நாங்களே இணைக்கிறோம்' என்று சபாவிலோ ஜொகூரிலோ இருக்கும் ஒரு 'போலீஸ்காரரிடம்' மாற்றுவார்கள். ஏன் தூரத்து ஊர் என்றால், நீங்கள் நேரில் போய்ப் பார்க்க முடியாது. காணொளி அழைப்பில் சீருடை, பின்னால் கொடி, உங்கள் பெயர் போட்ட கைது ஆணை. பின்னால் வாக்கி டாக்கி சத்தம்கூட வரும். கடைசியில், 'இது ரகசிய விசாரணை, புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாது, சொன்னால் அவரும் உள்ளே போவார்.' பிறகு பணத்தை 'பேங்க் நெகாரா தணிக்கைக் கணக்குக்கு' மாற்றச் சொல்வார்கள்.

பேங்க் நெகாரா தனிமனிதர்களின் பணத்தை வாங்கி வைக்கும் வங்கியே இல்லை. அங்கே உங்களுக்கும் எனக்கும் கணக்கு கிடையாது. போலீஸ் தொலைபேசியில் வாக்குமூலம் வாங்கி, பணத்தை மாற்றச் சொல்லி வழக்கை முடிப்பதில்லை. இது தெரிந்தவர்கள்கூட ஏமாறுகிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் என் கடைக்குப் புது சிம் வாங்க வந்தார். காதில் கைப்பேசி, கண்ணில் நீர், யாரோ உள்ளே பேசிக்கொண்டே இருக்கிறான். நான் ஒரு காகிதத்தில் 'போலீஸா?' என்று எழுதிக் காட்டினேன். தலையாட்டினார். கைப்பேசியை வாங்கி அணைத்தேன். அதற்கே அவர் என்னை அடிக்காத குறை. பக்கத்து போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த கார்ப்பரல் சிரிக்கவில்லை, தண்ணீர் கொடுத்து, அன்றைக்கு இவர் முதல் ஆள் இல்லை என்றார்.

அதனால் செய்ய வேண்டியது: துண்டியுங்கள். மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். பத்து நிமிடம் கழித்து, அவர்கள் கொடுத்த எண்ணுக்கு இல்லாமல், நீங்களே தேடிய எண்ணுக்கு அழையுங்கள் அல்லது நேரில் போங்கள். வீட்டில் ஒரு விதியும் போட்டுக்கொள்ளலாம்: 'யாரிடமும் சொல்லாதே' என்று ஒருவன் சொன்னால், அந்த நொடியே இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். 'அம்மா, நான் விபத்தில் மாட்டிக்கொண்டேன்' என்று பிள்ளை குரலிலேயே அழைப்பு வருகிற காலம் இது. குரலை இப்போது கணினியே செய்துவிடுகிறது. குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வையுங்கள். எங்கள் வீட்டில் பாட்டி வளர்த்த நாயின் பெயர்.

கட்டும்போதும் வாங்கும்போதும்

டூயிட்நவ்வில் பணம் அனுப்பும் முன் பெறுபவர் பெயர் திரையில் வரும். பெரும்பாலோர் அதைப் பார்க்காமலே அடுத்த பொத்தானை அழுத்துகிறோம். விளம்பரத்தில் பெரிய நிறுவனம், திரையில் யாரோ ஒரு தனிநபர் பெயர் என்றால் அங்கேயே நில்லுங்கள். கடைகளில் கியூஆர் அட்டை மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கடைக்காரரிடம் பெயரைக் காட்டிக் கேளுங்கள். அவருக்கே நல்லது செய்கிறீர்கள்.

தெரியாத கணக்குக்கு அனுப்பும் முன் 'செமாக் மியூல்' பார்க்கலாம். போலீஸின் வணிகக் குற்றப் பிரிவு நடத்தும் தளம் அது. கணக்கு எண், தொலைபேசி எண், நிறுவனப் பெயர் மூன்றையும் தேடலாம். புகார் பதிவாகியிருந்தால் காட்டும். காட்டவில்லை என்றால் சுத்தம் என்று அர்த்தமில்லை, நேற்றுத் திறந்த கணக்குக்கு யார் புகார் கொடுத்திருப்பார்கள்?

சிறு வியாபாரிகளுக்கு ஒன்று. வாடிக்கையாளர் காட்டும் 'சக்சஸ்ஃபுல்' திரையை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள். அது பழைய படமாக இருக்கலாம், தயாரித்த படமாகவும் இருக்கலாம். உங்கள் கைப்பேசியில் உங்கள் அறிவிப்பு வர வேண்டும், அவ்வளவுதான். தீபாவளி நெரிசலில் இது எத்தனை கடையில் நடக்கிறது என்று கடைக்காரர்கள் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை.

உங்கள் கணக்கில் திடீரென்று 500 வெள்ளி விழுந்து, யாரோ அழைத்து 'தவறி வந்துவிட்டது, இந்தக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள்' என்றால், நீங்களாக அனுப்ப வேண்டாம். வங்கிக்குச் சொல்லி, வங்கி வழியாகத் திரும்பட்டும். அது வேறு ஒருவரிடம் திருடிய பணமாக இருந்தால், உங்கள் கைவழியே கைமாறியதாகிவிடும்.

கடன், முதலீடு, 'வீட்டிலிருந்தே வேலை'

இல்லாத கடன் நம் ஆட்களை அதிகம் பிடிக்கிறது. வங்கி மறுத்த பிறகு முகநூலில் 'கருப்புப் பட்டியலில் இருந்தாலும் சரி, ஒரு மணி நேரத்தில் கடன்' என்று பார்க்கிறார்கள். 20,000 கிடைக்கும் என்று சொல்லி முத்திரைக்கு 300, வழக்கறிஞருக்கு 800, காப்பீட்டுக்கு 1,200 என்று வாங்கிக்கொண்டே போவான். உரிமமில்லாத வட்டிக்காரன் ஆலோங்காவது பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் கதவில் சாயம் ஊற்றுவான், இவன் கொடுப்பதே இல்லை. கடன் கையில் வரும் முன் பணம் கேட்டால் கதை முடிந்தது. உரிமம் பெற்ற வட்டிக்கடையா என்பதை வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சிடம் சரிபார்க்கலாம். 1951-ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டப்படி அடமானம் இருந்தால் ஆண்டுக்கு 12 விழுக்காடு, இல்லாவிட்டால் 18 விழுக்காடு, அதுதான் உச்சவரம்பு.

முதலீட்டில் 'உறுதியான லாபம்' என்ற சொல் வந்தாலே எழுந்துவிடுங்கள். அமைச்சரோ, பெரிய தொழிலதிபரோ பேசுகிற காணொளி இருந்தாலும் அப்படித்தான், வாயசைவைக்கூட இப்போது செய்துவிடுகிறார்கள். முதலில் 100 வெள்ளிக்கு 130 திருப்பிக் கொடுப்பான். அது தூண்டில் புழு. பெரிய தொகை போட்டதும், எடுக்க வேண்டுமென்றால் 'வரி' கட்டு என்பான். காணொளிக்கு லைக் போட்டால் காசு என்று டெலிகிராமில் தொடங்கும் பகுதி நேர வேலையும் இதே கூத்துதான், சம்பளம் கொடுக்க வேண்டியவன் உங்களிடம் முன்பணம் கேட்பான். பங்குச் சந்தை ஆணையம் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலும், பேங்க் நெகாரா நிதிப் பயனீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலும் வெளியிடுகின்றன. பெயரைத் தேடிப் பாருங்கள்.

கணக்கை இரவல் கொடுக்காதீர்கள்

இதை வயசுப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். 'ஏ.டி.எம். கார்டைக் கொடு மச்சான், மாசம் 300 வெள்ளி, ஒண்ணும் செய்ய வேண்டாம்.' அந்தக் கார்டு வழியாகத்தான் பூக்கார அக்காவின் பணம் போகிறது. உங்கள் கணக்கு 'கெல்டாய்' கணக்காகிவிடும், அதாவது திருட்டுப் பணத்தைச் சுமக்கும் கழுதைக் கணக்கு. 2024-ல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே புதிய பிரிவுகள் சேர்த்திருக்கிறார்கள், சிறைத் தண்டனை உண்டு. எனக்குத் தெரியாது என்ற பதில் நீதிமன்றத்தில் எடுபடும் என்று நம்பி இருக்காதீர்கள். கணக்கு முடங்கினால் சம்பளம் வாங்கவே ஆயிரம் படி ஏற வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் 22 வயதில் அப்படி மாட்டி, இன்றும் சம்பளத்தை அம்மா கணக்கில் வாங்குகிறான்.

பணம் போய்விட்டால்

வெட்கம், அழுகை எல்லாம் பிறகு. திருடிய பணம் ஒரு கணக்கில் நிற்காது. நிமிடக் கணக்கில் இரண்டாவது, மூன்றாவது வங்கிக்குத் தாவி, பணமாகவோ கிரிப்டோவாகவோ மாறிவிடும். அது ஏதாவது ஒரு கணக்கில் இன்னும் உட்கார்ந்திருக்கும்போது பிடிப்பதுதான் ஒரே வாய்ப்பு.

கில் சுவிட்சை அழுத்துங்கள். ஏ.பி.கே. ஏற்றிய கைப்பேசி என்றால் அதை விமான முறையில் போட்டு, சிம்மைக் கழற்றி, வேறு கைப்பேசியிலிருந்து 997-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடிப் புகார் மையம் அது, போலீஸும் பேங்க் நெகாராவும் வங்கிகளும் தொலைத்தொடர்பு ஆணையமும் சேர்ந்து இயங்குவதால் பணம் தாவும் வழியில் அடுத்தடுத்த வங்கிகளுக்கும் தகவல் போகும். இணைப்பு கிடைக்கவில்லை என்றால் காத்திருக்காமல் உங்கள் வங்கியின் 24 மணி நேர மோசடி எண்ணுக்குப் போங்கள். அந்த எண் கார்டின் பின்னால் இருக்கும், இப்போதே எழுதி வையுங்கள். கூகளில் தேடினால் போலி எண்ணும் வருகிறது.

பிறகு போலீஸ் புகார், எந்த நிலையத்திலும் கொடுக்கலாம், அன்றைக்கே கொடுங்கள். ஐசி, வங்கி அறிக்கை, பணம் போன நேரம், தொகை, பெற்றவர் பெயரும் கணக்கு எண்ணும், உரையாடல்களின் திரைப்பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷாட்). பல பேர் கோபத்தில் எல்லாச் செய்திகளையும் அழித்துவிட்டு வருகிறார்கள். கைப்பேசியைப் புதிதுபோல் சுத்தம் செய்து கொடு என்று என்னிடமே கேட்பார்கள். புகார் கொடுத்து முடிக்கும் வரை நான் தொடமாட்டேன், நீங்களும் தொடாதீர்கள். சான்று அதற்குள்தான் இருக்கிறது.

வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, எண் வாங்கி வையுங்கள். வங்கியின் பதில் திருப்தியில்லை என்றால், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர் சேவைக்குப் போகலாம். எஃப்.எம்.ஓ.எஸ். என்று சொல்வார்கள். வங்கி முடிவைச் சொன்ன ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். ஐசி படத்தை அனுப்பியிருந்தால், உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கையைப் பாருங்கள். இலவசம்.

வீட்டில் ஒருவர் ஏமாந்து வந்தால் திட்டாதீர்கள். பூக்கார அக்கா மகனுக்குப் பயந்து இரண்டு நாள் சொல்லாமல் இருந்தார். அந்த இரண்டு நாளில் போனது பணம் மட்டுமா, பிடிக்கும் வாய்ப்பும்தான்.

ஒரு மாதம் கழித்து அவருக்கு இன்னொரு அழைப்பு வந்தது. நாங்கள் சைபர் வழக்கறிஞர்கள், உங்கள் பணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், 250 வெள்ளி கட்டினால் மீட்டுத் தருகிறோம் என்றார்களாம். ஏமாந்தவர்களின் பட்டியலும் விலைக்குப் போகும் சரக்கு. இந்தத் தடவை அக்கா அழைப்பைத் துண்டிக்காமலே கைப்பேசியைக் கொண்டுவந்து என் கண்ணாடி மேசை மேல் வைத்தார். "பேசு தம்பி, நான் பூ கட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.